ஹெப்தலைட்டுகள் யார்? 'வெள்ளை ஹூணர்' என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

மத்திய ஆசியாவின் பழைய நாணயங்களுள் ஒரு வகை, முதன்முறை பார்ப்பவரை எளிதில் ஏமாற்றிவிடும். மெல்லிய வெள்ளித் தகட்டின் ஒரு பக்கத்தில் சிறகு வைத்த மகுடம் அணிந்த மன்னர் ஒருவரின் பக்கவாட்டு முகம் இருக்கும். மறுபக்கத்தில் எரியும் நெருப்புப் பீடமும், அதன் இருபுறமும் காவல் நிற்கும் இருவரும் இருப்பார்கள். ஈரானை ஆண்ட சாசானிய மன்னர் பெரோஸின் காசு இது என்று உடனே சொல்லத் தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால்தான், முகத்துக்கு முன்னே பாக்திரிய எழுத்தில் 'ஏப்' என்று இரண்டே எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். இந்தக் காசை அடித்தவர்கள் பாரசீகர்கள் அல்லர், கி.பி. 484-இல் அதே பெரோஸைப் போர்க்களத்தில் வீழ்த்தியவர்கள். தாங்கள் வீழ்த்திய எதிரியின் முகத்தைத் தங்கள் பணத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, தங்கள் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் ஓரத்தில் சேர்த்த அந்த மக்களைத்தான் ஹெப்தலைட்டுகள் என்கிறோம்.

'ஏப்' என்பது 'ஏபொடால்' என்ற பெயரின் சுருக்கம். அவர்கள் ஆண்ட நாட்டின் மொழியான பாக்திரியத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயர் அது. கிரேக்க ஆசிரியர்கள் அதையே 'எப்தலிதாய்' என்று எழுதினார்கள். சீன அரசவை ஏடுகளில் 'யேதா' என்றும் 'ஹுவா' என்றும் வருகிறது. அரபு நூல்களில் அவர்கள் 'ஹயாதிலா'. 'வெள்ளை ஹூணர்' என்ற பட்டத்தைப் பரவலாக்கியவர் 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில், அதாவது கிழக்கு உரோமப் பேரரசில், வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ். இவர்கள் பெயரளவில் மட்டுமன்றி உண்மையிலும் ஹூணர்களே என்றும், ஆனால் நமக்குத் தெரிந்த ஹூணர்களைப் போலின்றி வெளுத்த உடலும் நல்ல முகத்தோற்றமும் உடையவர்கள், ஒரே அரசனின் கீழ்ச் சட்டப்படி வாழ்பவர்கள் என்றும் அவர் எழுதினார். இப்பெயர்கள் அனைத்தும் மற்றவர்களின் பேனாவிலிருந்து நமக்கு வந்தவை. இந்த மக்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிவைத்த நூல் என்று ஒன்றும் நம் கைக்கு எட்டவில்லை. ஆகவே இவர்களைப் பற்றிப் படிக்கும்போது, யார் எழுதியது, எந்த நிலையில் இருந்து எழுதியது என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்த்துவிட வேண்டும். 'ஹூணர்' என்ற சொல்லை ஓர் இனத்தின் பெயராக எடுத்துக்கொண்டால் எல்லாமே குழம்பிவிடும். நம் பழந்தமிழ் நூல்களில் 'யவனர்' என்ற ஒரே சொல் கிரேக்கரையும் உரோமரையும் வேறுபாடின்றிக் குறித்ததைப் போல, பாரசீகரும் இந்தியரும் வடக்கே புல்வெளியிலிருந்து குதிரையேறி வந்த பல கூட்டங்களை இந்த ஒரு சொல்லால் அழைத்தார்கள். 4-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தவர்கள் கியோனியர்கள். அவர்களுடைய அரசர் குரும்பாதேஸ், 359-இல் சாசானிய மன்னர் இரண்டாம் ஷாபூருடன் சேர்ந்து உரோமரின் அமிதா கோட்டையை முற்றுகையிடச் சென்று, அதன் மதில் முன்னே தம் இளம் மகனைப் பறிகொடுத்தார். அடுத்துக் கிதாரர்கள், அவர்களையொட்டி, இந்துகுஷ் மலைக்குத் தெற்கே காபூலிலும் காந்தாரத்திலும் வேரூன்றிய ஆல்கான்கள். இந்த வரிசையில் பிந்தி வந்து, எல்லோரையும்விட உயர்ந்தவர்கள் ஹெப்தலைட்டுகள். ஏறத்தாழ 450 முதல் 560 வரை, நூறு ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட காலம் அவர்களுடையது.

அவர்களின் நடுநாடு பாக்திரியா. இந்துகுஷ் மலைக்கும் ஆமு தரியா ஆற்றுக்கும் இடைப்பட்ட, இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானும் ஆற்றின் மறுகரையில் உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் நாடுகளின் தென்பகுதியும் சேர்ந்த நிலம் அது. பல்க், குந்தூஸ் போன்ற பழைய நகரங்களும், வாய்க்கால் பாசனமும், சீனாவுக்கும் ஈரானுக்கும் இந்தியாவுக்கும் பிரியும் வணிகப் பாதைகளும் அங்கே இருந்தன. அங்கிருந்துதான் 456-இல் அவர்களின் முதல் தூதுக்குழு சீனத்தின் வடக்கு வெய் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் எங்கிருந்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வழக்கு ஓயவில்லை. அல்தாய் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பாக்திரியாவின் கிழக்கு மலைகளிலேயே தோன்றிய, ஈரானிய மொழி பேசியவர்கள் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். என் பார்வையில் முதற்கூற்றுக்கு வலு சற்றுக் கூடுதல். ஆனால் தொடக்கநிலை வாசகர் இந்த விவாதத்தில் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. அவர்கள் வந்த இடத்தைவிட, வந்தபின் செய்ததே சுவையானது.

அதைப் புரிந்துகொள்ளப் பெரோஸின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 457-இல் அவருடைய தந்தை இரண்டாம் யஸ்தகிர்த் இறந்தபோது, அரியணையில் அமர்ந்தவர் சகோதரர் மூன்றாம் ஹோர்மிஸ்த். கிழக்கே சென்ற பெரோஸ் ஹெப்தலைட்டுகளின் உதவியைப் பெற்றுத் திரும்பி வந்து, 459-இல் ஆட்சியைப் பிடித்தார். சில ஆண்டுகளில் கிதாரர்களின் வலிமையும் ஒடுங்கியது. அதன்பின் கிழக்கு எல்லையில் எஞ்சிய பெரிய வலிமை, தம்மை அரியணையில் ஏற்றிவிட்டவர்களே என்பதைப் பெரோஸ் உணர்ந்தார். அவர்கள் மேல் படையெடுத்தார்.

முதல் படையெடுப்பில் நடந்ததைப் புரோகோப்பியஸ் ஒரு நாடகம் போலவே சொல்கிறார். எதிரிகள் அஞ்சி ஓடுவதாகப் பாவனை செய்ய, பெரோஸின் படை அவர்களைத் துரத்திக்கொண்டு, செங்குத்தான மலைகள் சூழ்ந்த, மறுபுறம் வழியே இல்லாத ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் வழி அடைபட்டிருப்பதைப் படைத்தலைவர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் மன்னரிடம் போய்ச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. படையுடன் வந்திருந்த பைசாந்தியத் தூதர் யூசேபியஸிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அவரும் நேரடியாகச் சொல்லாமல், கட்டிப்போட்ட ஆட்டின் கத்தலைக் கேட்டுப் பாய்ந்த சிங்கம் ஒன்று வேடர்கள் வெட்டிய பள்ளத்தில் விழுந்த கதையை மன்னருக்குச் சொன்னார். பெரோஸுக்குப் புரிந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது. உயிரோடு விட வேண்டுமானால், தம் காலில் விழுந்து வணங்க வேண்டும், இனிப் படையெடுப்பதில்லை என்று சத்தியமும் செய்ய வேண்டும் என்றார் ஹெப்தலைட் அரசர். பெரோஸின் மாகி குருமார்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். விடியற்காலையில் சூரியனை நோக்கி வணங்குவது பாரசீகர் வழக்கம். ஆகவே சூரியன் உதிக்கும் நேரம் பார்த்து, கிழக்கு நோக்கியபடி எதிரியின் முன் விழுந்துவிட்டால், வணக்கம் சூரியனுக்கே போய்ச் சேரும் என்றார்கள். அப்படியே நடந்தது. மானம் காப்பாற்றப்பட்டது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எதிரே நின்றவர் எதைக் கண்டார் என்பது வேறு.

அவமானத்தோடு பணமும் போனது. சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ஒரு குறிப்பேட்டின்படி, மற்றொரு தோல்விக்குப் பின் பெரோஸ் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மீட்புத் தொகை, முப்பது கோவேறு கழுதைகள் சுமக்கும் வெள்ளிக் காசுகள். கருவூலத்தைத் துடைத்தும் இருபது சுமைதான் தேறியது. மீதிப் பத்துக்காகத் தம் மகன் கவாத்தைப் பணயமாக விட்டுவிட்டு வந்தார். தலையை எண்ணி வரி தண்டித்தான் எஞ்சிய தொகையைத் திரட்ட முடிந்தது.

484-இல் பெரோஸ் சத்தியத்தை மீறி மீண்டும் புறப்பட்டார். ஹெப்தலைட் அரசர் இம்முறை சமவெளியில் அகலமான ஓர் அகழியை வெட்டச் செய்து, நடுவில் பத்துக் குதிரைகள் சேர்ந்து போகும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, மற்ற இடமெல்லாம் நாணல் பரப்பி மேலே மண்ணைத் தூவி மூடிவைத்தார். தம் வீரர்களிடம், பின்வாங்கும்போது நெருக்கமாகச் சேர்ந்து அந்தக் குறுகிய வழியாகவே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். தம் அரசக் கொடியின் உச்சியில் உப்பைக் கட்டித் தொங்கவிட்டார். பெரோஸ் செய்து மீறிய சத்தியத்தை அது நினைவூட்டட்டும் என்று. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த உப்பின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பாரசீகக் குதிரைப்படை முழு வேகத்தில் துரத்தி வந்து அகழிக்குள் விழுந்தது. முன்வரிசையின் மேல் பின்வரிசை விழுந்தது. மன்னரும் அவருடன் வந்த மைந்தர்களும் அங்கேயே மாண்டனர். சாகும் தறுவாயில், இணையற்ற ஒரு முத்தைத் தம் வலக்காதிலிருந்து பிடுங்கி, வேறு எவரும் அணியக் கூடாதென்று பெரோஸ் வீசியெறிந்ததாக ஒரு கதை உண்டு. தம்மால் நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் புரோகோப்பியஸே அதைப் பதிவு செய்கிறார். நல்ல கதையை விட மனம் வரவில்லை போலும்.

இத்தகைய வெற்றிக்குப் பின் ஈரானையே விழுங்கியிருக்கலாம். ஹெப்தலைட்டுகள் அதைச் செய்யவில்லை. அவர்கள் வெறும் கொள்ளைக் கூட்டத்தினர் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. பெரோஸுக்குப் பின் வந்த பலாஷ் அவர்களுக்குத் திறை செலுத்தினார். முன்பு பணயமாக இருந்த கவாத் பின்னர் மன்னராகி, 496-இல் பிரபுக்களால் நீக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டபோது, தப்பி ஓடிச் சேர்ந்த இடம் பழைய ஹெப்தலைட் அரண்மனைதான். அவர்கள் அவருக்குப் பெண் கொடுத்தார்கள். படையும் கொடுத்து, ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் அரியணையில் ஏற்றினார்கள். உதவி இலவசமாக வரவில்லை. கடனை அடைப்பதற்காகக் கவாத் பைசாந்தியப் பேரரசர் அனஸ்தாசியஸிடம் பணம் கேட்டார், அவர் மறுத்தார், 502-இல் கவாத் படையெடுத்து, நீண்ட முற்றுகைக்குப் பின் அமிதாவைப் பிடித்துச் சூறையாடினார். டைகிரிஸ் ஆற்றங்கரை நகரம் ஒன்று அழிந்ததற்கான காரணங்களுள் ஒன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே பாக்திரியாவில் நிலுவையில் இருந்த ஒரு கணக்கு.

பெரோஸின் முகத்தோடு அடித்த காசு இப்போது வேறுவிதமாகப் புரியக்கூடும். மீட்புத் தொகையாகவும் திறையாகவும் வந்து குவிந்த பாரசீக வெள்ளியைச் சந்தையில் எல்லோரும் நம்பினார்கள். கைக்குப் பழகிய காசின் தோற்றத்தை மாற்றினால் வணிகர் தயங்குவர். ஆகவே முகத்தை மாற்றாமல் அடையாளத்தை மட்டும் சேர்த்தார்கள். பணத்தின் இயல்பை அறிந்தவர் செய்யும் வேலை இது.

அவர்களை நேரில் கண்டவர்களுள் ஒருவரின் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. வடக்கு வெய் அரசவையால் அனுப்பப்பட்ட சோங்யுன் என்ற சீனப் பயணி, 519-இல் ஹெப்தலைட் அரசரைச் சந்தித்தார். அந்நாட்டில் மதில் சூழ்ந்த நகரங்கள் இல்லை என்றும், கோடையில் குளிர்ந்த இடத்துக்கும் குளிர்காலத்தில் வெப்பமான இடத்துக்கும் மாறிமாறிச் செல்கிறார்கள் என்றும் எழுதினார். அரசரின் கூடாரம் கம்பளியால் ஆனது. ஒவ்வொரு பக்கமும் நாற்பது தப்படி நீளம். பொன் ஃபீனிக்ஸ் பறவைகளைக் கால்களாகக் கொண்ட தங்கக் கட்டிலில் அரசர் வீற்றிருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அவருக்குத் திறை கொண்டுவந்தன. சீனப் பேரரசின் கடிதம் நீட்டப்பட்டபோது, அவர் மண்டியிட்டுப் பெற்றுக்கொண்டார்.

சீன ஏடுகள் சொல்லும் இன்னொரு செய்தி பலரைக் கவர்ந்திருக்கிறது: சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணப்பார்களாம், கணவனுக்கு எத்தனை சகோதரர்களோ, மனைவியின் தொப்பியில் அத்தனை கொம்புகள் கூடுமாம். இதைக் காட்டுமிராண்டிப் புல்வெளி வழக்கம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் 1990-களிலிருந்து வடக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து வெளிவந்த, தோலில் எழுதப்பட்ட பாக்திரிய ஆவணங்களை நிக்கோலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ் என்ற அறிஞர் படித்து வெளியிட்டபோது, அவற்றுள் 4-ஆம் நூற்றாண்டுத் திருமணப் பத்திரம் ஒன்றும் இருந்தது. அதில் சகோதரர்கள் இருவர் ஒரு பெண்ணைச் சட்டப்படி மணக்கிறார்கள். ஹெப்தலைட்டுகள் அங்கே தலைகாட்டுவதற்கு நூறாண்டுகளுக்கு முந்தையது அந்தப் பத்திரம். ஆகவே அந்த வழக்கம் உள்ளூர் மலைமக்களுடையது. ஆள வந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதே பொருந்துகிறது.

அதே ஆவணங்களில், 'ஹெப்தலைட் வரி' என்ற சொல்லும் வருகிறது. புல்வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்ச் சிற்றரசர்களை நீக்காமல், அவர்கள் மூலமாகவே வரி வசூலித்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த எழுத்தில்லை, வேறு நாட்டாரை வைத்து ஆட்டுத்தோலில் எழுதுவிப்பார்கள் என்று சீன ஏடு ஒன்று சற்று இளக்காரமாகவே குறிப்பிடுகிறது. கிடைத்திருக்கும் தோல் பத்திரங்களோ அந்த ஏட்டுக்குச் சாட்சி சொல்வது போல இருக்கின்றன. பிற்கால ஆவணம் ஒன்றில், ரோப் நாட்டுச் சிற்றரசர் ஒருவர் தம்மை 'ஹெப்தலைட் பிரபுக்களின் எழுத்தர்' என்றும் 'துகாரிஸ்தானின் நீதிபதி' (துகாரிஸ்தான் பாக்திரியாவின் பிற்காலப் பெயர்) என்றும் பெருமையோடு குறித்துக்கொள்கிறார். எழுத்தரும் நீதிபதியும் பட்டமாக வழங்கிய அரசைக் குதிரைக் கூட்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்திய வரலாற்றில் இவர்களின் இடம் எது? பள்ளிப் பாடத்தில் ஹூணர் என்றதும் தோரமாணர், மிகிரகுலர் ஆகிய இரு பெயர்கள் வரும். தோரமாணரின் முதல் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டு, மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் உள்ள பெரிய வராகச் சிலையின் மேலேயே இருக்கிறது. மிகிரகுலரின் 15-ஆம் ஆட்சியாண்டில் குவாலியரில் சூரியனுக்குக் கோயில் எழுந்ததை மற்றொன்று சொல்கிறது. சிவனைத் தவிர எவருக்கும் வணங்காத மிகிரகுலரின் தலையும் தம் பாதத்தில் பணிந்ததாக, மந்தசோருக்கு அருகே சோந்தனித் தூணில் மாளவ மன்னர் யசோதர்மர் பொறித்துவைத்தார். இவ்விருவரையும் ஹெப்தலைட் அரசர்கள் என்று பழைய நூல்கள் எழுதின. நாணயங்களை வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு, ஆய்வாளர்கள் பெரும்பாலோர் இவர்களை ஆல்கான்களாகவே கொள்கிறார்கள். ஆல்கான் காசுகளில் அரசரின் சொந்த முகமே இருக்கும். குழந்தைப் பருவத்தில் துணியால் கட்டி நீட்டிய மண்டையோட்டின் வடிவம்கூடத் தெளிவாகத் தெரியும். பெரோஸின் முகத்தைக் கடன் வாங்கியவர்களின் காசு இதுவன்று.

குழப்பத்துக்குப் பழைய சாட்சிகளும் காரணம். 520-இல் காந்தாரத்துக்குப் போன சோங்யுன், அந்நாட்டை யேதாக்கள் முன்பே வென்று ஒருவரை அரசராக்கிவிட்டதாக எழுதினார். அங்கிருந்த அரசர் எழுநூறு யானைகளோடு காஷ்மீரத்தின் மீது போர் நடத்திக்கொண்டிருந்தார். சீனக் கடிதத்தை உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார். ஓர் ஆண்டு இடைவெளியில் கண்ட இரு அரசவைகளின் வேறுபாடு அந்தப் பயணிக்கே உறுத்தியிருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில், இலங்கைத் துறைமுகத்தின் வணிகத்தை விரிவாக வருணித்த கிரேக்க வணிகர் கோஸ்மாஸும், வட இந்தியாவில் கொல்லாஸ் என்ற அரசர் இரண்டாயிரம் யானைகளோடு போருக்குப் போகிறார், அவர் வெள்ளை ஹூணர் என்று எழுதிவைத்தார். கொல்லாஸ் மிகிரகுலரே என்பது பொதுவான கருத்து. ஆக, மலைக்கு வடக்கே ஒருவருக்கும் தெற்கே மற்றொருவருக்கும் ஒரே பட்டம் ஒட்டிக்கொண்டது.

வடக்கே இருந்தவர்களின் வீழ்ச்சி விரைவாக வந்தது. 550-களில் புல்வெளியில் துருக்கியர் என்ற புதிய வலிமை எழுந்தது. பெரோஸின் பேரனும் கவாத்தின் மகனுமான முதலாம் குஸ்ரோ அவர்களோடு கைகோத்தார். 560-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்ட ஹெப்தலைட்டுகள், புகாராவுக்கு அருகே நடந்த போரில் நொறுங்கினார்கள்; அப்போர் எட்டு நாள் நீடித்ததாகப் பாரசீக மரபு சொல்கிறது. வென்ற இருவரும் ஆமு தரியாவை எல்லையாகப் பிரித்துக்கொண்டார்கள்.

துருக்கியரின் கீழ் வந்த சோக்தியானா (சமர்கந்து, புகாரா பகுதி) வணிகர்கள் தங்கள் பட்டுச் சரக்கை ஈரானில் விற்க அனுமதி கேட்டுப் போனபோது, குஸ்ரோ அதை விலை கொடுத்து வாங்கி அவர்கள் கண்முன்னே எரித்தார். அந்த யோசனையைச் சொன்னவர் கதுல்ப் என்ற ஹெப்தலைட். தம் மனைவியின் மானத்தைக் கெடுத்த சொந்த அரசரைக் கைவிட்டு ஓடிவந்து, பாரசீக அவையில் சேர்ந்திருந்தவர். பட்டுக்கு வேறு சந்தை தேடி, 568-இல் துருக்கியத் தூதுக்குழு கான்ஸ்டான்டினோபிளை அடைந்தது. அங்கே பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் கேட்ட கேள்விகளுள் ஒன்று, ஹெப்தலைட்டுகள் நகரங்களில் வாழ்கிறார்களா, ஊர்களிலா என்பது. "நகரங்களில் வாழும் மக்கள், ஐயா" என்று தூதர்கள் பதில் சொன்னார்கள். சோங்யுன் கம்பளிக் கூடாரத்தைக் கண்டு ஐம்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

அதன்பின் அவர்கள் பாக்திரியாவிலும் அதன் மேற்கே உள்ள பாத்கீஸ் மலைகளிலும் சிற்றரசுகளாக நீடித்தார்கள். அரபுப் படைகள் வந்தபோது அவர்களை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் பாத்கீஸின் நேசக் தர்கான். படைத்தளபதி குதைபா 710-இல் அவரைக் கொன்றார். ஆனால் பெயர் ஆளை விட நெடுங்காலம் வாழ்ந்தது. 10-ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர் அல்-முகத்தசி, கிழக்கு நாடுகளைப் பகுத்து எழுதும்போது, ஆமு தரியாவுக்குத் தெற்கே உள்ளதைக் குராசான் என்றார். வடக்கே உள்ளது முழுவதையும் ஹைதல் என்றார்.